எக்செல் தொறக்குதுங்க, டைப் பண்ணுனா ஏற மாட்டேங்குது

கரூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். பெட்ஷீட், கர்ட்டன், கிச்சன் டவல் ஏற்றுமதி செய்கிறவர்களும் ஜவஹர் பஜார் பக்கம் கடை வைத்திருப்பவர்களும்தான் எங்கள் கிளையன்ட்கள். மாதம் 11-ம் தேதிக்குள் விற்பனை விவரம் சொல்லும் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ம் தேதிக்குள் வரி கட்டும் ரிட்டர்னான 3பி. கணக்கு மென்பொருளான டாலியிலிருந்து எக்செலுக்கு இறக்குவது, நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான 2பி-யோடு ஒத்துப் பார்ப்பது, விட்டுப்போன பில்லைத் தேடிப் பிடிப்பது என்று அந்த நாட்கள் முழுக்க எக்செல்தான். கெடு நெருங்கும் நேரம் பார்த்துத்தான் அந்த போனும் வரும்.

"அக்கா, எக்செல் தொறக்குதுங்க. டைப் பண்ணுனா ஏற மாட்டேங்குதுங்க. கீபோர்டு போயிருச்சுங்களா?"

மேலே ஏதாவது கலரில் ஒரு பட்டை வருகிறதா என்று கேட்பேன். "ஆமாங்க்கா, ரொம்ப நாளா வருதுங்க. எக்ஸ் அமுக்கி மூடிருவேன்" என்பார்கள். கணக்கெழுத வரும் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான். விளம்பரம் என்று நினைத்து மூடிவிடுகிறார்கள்.

எக்செல், வேர்ட் எல்லாம் அடங்கிய ஆபீஸ் தொகுப்புக்குக் கட்டும் மைக்ரோசாஃப்ட் 365 சந்தா முடிந்துபோனால் எக்செல் அடியோடு நின்றுவிடாது. கோப்பைத் திறக்கலாம், பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். திருத்த முடியாது, புதிதாக ஒன்று தொடங்கவும் முடியாது. டைட்டில் பாரில் 'அன்லைசென்ஸ்டு புராடக்ட்' என்று சின்னதாக நிற்கும். மொத்தமாக நின்றிருந்தால் அன்றைக்கே யாராவது கேட்டிருப்பார்கள். பாதி ஓடுவதால், பழைய பில்லைப் பார்ப்பதோடு வேலை முடிகிற நாட்களில் ஒருவரும் கண்டுகொள்வதில்லை. இருபதாம் தேதி வாசலில் நிற்கும்போதுதான் விழித்துக்கொள்கிறார்கள்.

இப்படி வரும் போன்களையெல்லாம் என் பக்கம் தள்ளிவிடுவது ஆடிட்டர் சாருக்கு வழக்கமாகிவிட்டது. அதனால் கணக்கு வேலையோடு இந்த விசாரணை வேலையும் என்னிடம் ஒட்டிக்கொண்டது. பல கிளையன்ட்களின் கணினிகளைப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். 'இந்த கம்ப்யூட்டர்ல ஆபீஸ் இருக்கா' என்று தேடினால் பதில் கிடைக்காது. சந்தா கணினியில் இருப்பதில்லை, ஒரு மெயில் ஐடியில் இருக்கிறது. கணினி அந்த மெயில் ஐடியிடம் அவ்வப்போது கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். எந்த மெயில், அது யார் கையில், அதற்கு யார் காசு கட்டுகிறார்கள் என்று போனால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டிய இடம் எக்செலுக்குள்ளேயே இருக்கிறது. இடது மூலையில் ஃபைல், உள்ளே போனால் கீழே அக்கவுன்ட். சின்னத் திரையாக இருந்தால் 'மோர்' என்பதற்குள் ஒளிந்திருக்கும். அந்தப் பக்கம் இரண்டு பாதியாக இருக்கும். இடது பக்கம் நாம் யாராக உள்ளே நுழைந்திருக்கிறோம் என்று காட்டும். வலது பக்கம் புராடக்ட் இன்ஃபர்மேஷன். அதில் 'சப்ஸ்கிரிப்ஷன் புராடக்ட்' என்று போட்டு மைக்ரோசாஃப்ட் 365 என்று இருந்தால் அது சந்தா. அடியில் 'பிலாங்ஸ் டு' என்று ஒரு மெயில் ஐடி இருக்கும். அந்த வரியை யாரும் படிப்பதில்லை. நான் போனில் முதலில் படிக்கச் சொல்வது அதைத்தான்.

இடது பக்கத்து மெயிலும் 'பிலாங்ஸ் டு' மெயிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மகன் பெயரில் சந்தா, அப்பா பெயரில் லாகின் என்று ஓடும் கடைகள் உண்டு. ஓடுகிற வரை ஓடும். மகன் வேறு லேப்டாப் வாங்கி, பழையதையெல்லாம் கணக்கிலிருந்து சைன் அவுட் செய்த அன்று கடை கணினி நின்றுவிடும். அப்பா தன் பெயர் மூலையில் தெரிவதைக் காட்டி, "நான்தான் உள்ளே இருக்கேனே" என்று சண்டைக்கு வருவார்.

சப்ஸ்கிரிப்ஷன் என்ற சொல்லே இல்லாமல், 'ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் 2021' என்றோ 'ஹோம் 2024' என்றோ பெயர் இருந்து 'புராடக்ட் ஆக்டிவேட்டட்' என்று போட்டிருந்தால் அது ஒரே முறை காசு கொடுத்து வாங்கியது. அதற்குச் சந்தாவும் இல்லை, முடிவுத் தேதியும் இல்லை. 'எப்போ புதுப்பிக்கணும்' என்று கேட்டு அலைய வேண்டாம். பாதுகாப்பு அப்டேட்டுக்கு மட்டும் ஒரு கடைசி நாள் உண்டு. 2016-க்கும் 2019-க்கும் அது 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. 2021-க்கு 2026 அக்டோபர் 13. அதற்குப் பிறகும் எக்செல் ஓடும், ஓட்டை தெரிந்தால் அடைக்க ஆள் இருக்காது.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஃபைல் மெனுவில் இது கிடைக்காது. எக்செல் என்ற பெயர் மெனுவில் அபவுட் எக்செல் போனால் லைசென்ஸ் வரி இருக்கும். கரூரில் மேக் வைத்துக் கணக்கெழுதுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பதால் இதோடு விடுகிறேன்.

சிலர் தவறான ஆதாரத்தைக் காட்டுவார்கள். "போன்ல எக்செல் நல்லா எடிட் ஆகுதுங்க்கா, அப்ப சப்ஸ்கிரிப்ஷன் இருக்குன்னுதானே அர்த்தம்?" இல்லை. போன் செயலியில் சாதாரணத் திருத்தங்கள் இலவசம். பிரௌசரில் திறக்கும் எக்செலும் அப்படியே, ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தால் போதும். இரண்டிலும் வேலை நடப்பதை வைத்துச் சந்தாவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அதே சமயம் இருபதாம் தேதி மாட்டிக்கொண்டவருக்கு அந்த பிரௌசர் எக்செல்தான் கை கொடுக்கும். கோப்பை மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் ஏற்றி அங்கேயே திருத்தச் சொல்லி ரிட்டர்னை முடித்துவிட்டு, சந்தாவை மறுநாள் பார்க்கலாம். மேக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்யும் சின்ன நிரல், போட்ட ஷீட்டாக இருந்தால் மேக்ரோ அங்கே ஓடாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

இனி ஒரு துணிக்கடைக் கதை. முதலாளி வருஷா வருஷம் தன் கிரெடிட் கார்டில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் சந்தாவுக்குப் பணம் போவதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஸ்டேட்மென்டை வைத்து நாங்களும் செலவில் எழுதிக்கொண்டிருந்தோம். திடீரென்று ஒரு நாள் கணினியில் அன்லைசென்ஸ்டு. 'பிலாங்ஸ் டு' வரியில் இருந்த மெயில், வேலையை விட்டுத் திருப்பூர் போன பழைய அக்கவுன்டன்ட் தம்பியுடையது. கணினி வாங்கிய அன்று கேட்ட இடத்தில் தன் சொந்த மெயிலைப் போட்டிருக்கிறான். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கடைக்கென்று மெயில் கிடையாது, முதலாளிக்கு மெயில் பழக்கமும் கிடையாது. புதிய இடத்தில் சேர்ந்ததும் தன் கணக்கைச் சுத்தம் செய்தபோது பழைய கணினியை எடுத்துவிட்டான்.

"காசு என் கார்டுல போகுது, அப்ப என்னுதுதானுங்களே?" என்றார் முதலாளி. நியாயமான கேள்வி. ஆனால் கார்டு யாருடையதாக இருந்தாலும் சந்தா அந்த மெயில் கணக்கின் சொத்து. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு அதை மாற்றித் தர வழியில்லை. தம்பிக்கு போன் போட்டேன். நல்ல பையன், அன்று சாயங்காலமே உள்ளே போய், தானாகப் பணம் எடுக்கும் ரெக்கரிங் பில்லிங்கை நிறுத்தி, கார்டையும் எடுத்துவிட்டான். கடைக்கென்று ஒரு மெயில் தொடங்கி, மீட்பு எண்ணாக முதலாளியின் போனையும் அவர் மகளின் போனையும் கொடுத்து, அதில் புதிதாக வாங்கினோம். தம்பி மனஸ்தாபத்தோடு போயிருந்தால் என்ன செய்திருப்போம் என்று முதலாளி பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார். வங்கியில் சொல்லி அந்தக் கார்டிலிருந்து இனிப் போகும் பணத்தை நிறுத்தியிருக்கலாம். மீதி மாதங்கள் போனது போனதுதான்.

அக்கவுன்ட் பக்கத்தில் மெயில் தெரிந்த பிறகு, அடுத்த இடம் அந்த மெயிலின் இணையக் கணக்கு. பிரௌசரில் அக்கவுன்ட் டாட் மைக்ரோசாஃப்ட் டாட் காம் என்று கையால் அடித்து, உள்ளே போய், சர்வீசஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ். சந்தா உயிரோடு இருக்கிறதா என்பதற்கு உண்மையான சாட்சி இதுதான். எக்செல் சொல்வது தாமதமாகலாம், இது ஆகாது. அங்கே தேதியை மட்டும் பார்க்காமல், தேதிக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். புதுப்பிக்கப்படும் என்று ஒரு தேதி இருந்தால் பணம் எடுக்கப் போகிறார்கள். முடிவடையும் என்று இருந்தால் அன்றோடு சரி. முதல் வகையைப் பார்த்து நிம்மதியாகவும், இரண்டாவதைப் பார்த்து 'இன்னும் நாள் இருக்கு' என்றும் விட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் முதல் வகையையும் அப்படியே நம்ப முடியாது.

காரணம் ரிசர்வ் வங்கியின் விதி. 2021 அக்டோபர் 1 முதல், கார்டில் தானாகத் திரும்பத் திரும்ப எடுக்கும் பணத்துக்கு நாம் ஒரு முறை ஓ.டி.பி. போட்டு இ-மேண்டேட் என்ற முன் அனுமதியைப் பதிவு செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் வங்கி தகவல் அனுப்பும். கூடுதல் ஓ.டி.பி. இல்லாமல் எடுக்கும் வரம்பு முதலில் 5,000 ரூபாயாக இருந்தது, 2022 ஜூனில் 15,000 ஆனது. ஆக, மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் ரெக்கரிங் பில்லிங் ஆன் என்று காட்டினாலும், வங்கிப் பக்கம் மேண்டேட் இல்லை என்றால் பணம் போகாது. கார்டு காலாவதியாகிப் புதுக் கார்டு வந்த வீடுகளில் இது சகஜம். புது நம்பரைக் கணக்கில் மாற்றியிருக்க மாட்டார்கள். பணம் எடுக்க முடியவில்லை என்று வரும் மெயில், கணினி வாங்கிய அன்று கடைக்காரர் உருவாக்கிக் கொடுத்த, யாருமே திறக்காத அவுட்லுக் ஐடிக்குப் போகும். யு.பி.ஐ. ஆட்டோபே வைத்துப் பழகியவர்கள் போன் செயலிக்குள்ளேயே மேண்டேட் பட்டியலைப் பார்த்துவிடுகிறார்கள். கார்டுக்கு வங்கியின் நெட் பேங்கிங்கில் தேட வேண்டும். ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு மூலையில் வைத்திருக்கிறது.

இதனால் கிளையன்ட்களுக்கு நான் சொல்வது, ஒரு வருடச் சந்தாவுக்கான கீயை (குறியீட்டு எண்ணை) வாங்கி அதே மெயில் கணக்கில் ரிடீம் செய்யுங்கள் என்பதுதான். கார்டும் வேண்டாம், மேண்டேட்டும் வேண்டாம். மிச்சம் இருக்கும் நாட்கள் வீணாகாது, பழைய முடிவுத் தேதியோடு சேர்ந்துகொள்ளும். மொத்தம் ஐந்து வருடம் வரை முன்கூட்டியே அடுக்கி வைக்கலாம். பாதி விலைக்கு வாட்ஸ்ஆப்பில் கீ தருகிறேன் என்பவர்களிடம் மட்டும் வாங்க வேண்டாம். அந்தக் கீ ஏற்கனவே யாரோ உரசியதாக இருக்கும், அல்லது ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுத்து 'இதுல லாகின் பண்ணிக்கோங்க' என்பார்கள். அப்படிக் கொடுத்த கணக்கின் ஒன்டிரைவில் உங்கள் பேலன்ஸ் ஷீட் போய் உட்கார்ந்தால், அந்தக் கணக்கின் சாவி விற்றவர் கையில் இருக்கிறது.

விலை பற்றி ஒரு சின்ன விலகல். 2025 ஜனவரியில் கோபைலட் என்ற ஏ.ஐ. உதவியாளரைச் சேர்த்து, 365-ன் பெர்சனல், ஃபேமிலி திட்டங்கள் இரண்டின் விலையையும் ஏற்றினார்கள். கோபைலட் இல்லாத பழைய திட்டம் 'கிளாசிக்' என்ற பெயரில் இருந்தது. ரத்து செய்யும் பக்கம் வரை போனவர்களுக்குத்தான் அது கண்ணில் பட்டது. ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் இதற்காக 2025 அக்டோபரில் வழக்கே போட்டது. சுமார் 27 லட்சம் வாடிக்கையாளர்களிடம் இந்த வாய்ப்பை மறைத்தார்கள் என்பது புகார். விலை ஏறியதைக் கண்டு ரத்து செய்ய நினைத்தால், கடைசிப் பொத்தானுக்கு முன்னால் வரும் திரையை நிதானமாகப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

சந்தா இருக்கிறது, பணமும் போயிருக்கிறது, மெயிலும் சரி, ஆனாலும் எக்செல் மறுக்கிறது. எனக்கு அதிக நேரம் பிடித்தவை இந்த வகைதான்.

ஒரு ஏற்றுமதி கம்பெனியில் எல்லோருக்கும் கம்பெனி பெயரிலேயே மெயில். யாரோ ஏஜென்ட் 'ஆபீஸ் 365' என்று விற்றிருக்கிறார். ரசீது இருக்கிறது, மாதா மாதம் பில் வருகிறது. எக்செலில் அந்த மெயிலைப் போட்டு நுழைந்தால் இந்தக் கணக்கில் லைசென்ஸ் இல்லை என்கிறது. பில்லை வாங்கிப் பார்த்தேன். பிசினஸ் பேசிக். அந்தத் திட்டத்தில் மெயில், டீம்ஸ், ஒன்டிரைவ், பிரௌசரில் ஓடும் எக்செல் எல்லாம் உண்டு. கணினியில் நிறுவும் எக்செல் கிடையாது. அதற்கு பிசினஸ் ஸ்டாண்டர்ட், அல்லது மெயில் வேண்டாம் என்றால் ஆப்ஸ் ஃபார் பிசினஸ் வாங்க வேண்டும். ஏஜென்ட் பொய் சொல்லவில்லை, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறார். பில்லில் இருக்கும் திட்டத்தின் முழுப் பெயரைப் படித்தால் இது அரை நிமிட வேலை.

இன்னொரு இடத்தில் சரியான திட்டம்தான். ஆனால் வாங்கிய லைசென்ஸ், புதிதாகச் சேர்ந்த பெண்ணின் பெயருக்கு ஒதுக்கப்படவே இல்லை. நிறுவனக் கணக்குகளில் வாங்கினால் மட்டும் போதாது, அட்மின் உள்ளே போய் ஒவ்வொரு ஆளுக்கும் டிக் போட வேண்டும். இந்த மாதிரிக் கணக்குகளை மேலே சொன்ன பக்கத்தில் தேடினால் கிடைக்காது. மை அக்கவுன்ட் டாட் மைக்ரோசாஃப்ட் டாட் காம் என்ற வேறு வாசல். உள்ளே சப்ஸ்கிரிப்ஷன்ஸ் என்ற இடத்தில் உங்களுக்கு என்ன ஒதுக்கியிருக்கிறது என்று தெரியும். ஒரே மெயில் ஐடி சொந்தக் கணக்காகவும் நிறுவனக் கணக்காகவும் இருப்பதுண்டு. நுழையும்போது 'ஒர்க் ஆர் ஸ்கூல்' என்றும் 'பெர்சனல்' என்றும் இரண்டு கேட்டால் நிதானமாகப் படித்துத் தொடுங்கள். தப்பான பக்கம் நுழைந்து காலியாக இருப்பதைப் பார்த்து, பணம் போச்சே என்று ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

மூன்றாவது, குடோன் கணினி. அங்கே டாலியும் எக்செலும் மட்டும்தான், நெட் கிடையாது. சந்தா எக்செல் மாதத்துக்கு ஒரு முறையாவது இணையத்தில் ஏறித் தன்னைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அதே அன்லைசென்ஸ்டு. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அக்கவுன்ட் பக்கத்தில் அப்டேட் லைசென்ஸை அமுக்கினால் உயிர் வந்துவிடும். அப்படியும் வராவிட்டால் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டின் சின்ன பேட்டரி செத்துப்போன பழைய கணினிகள் கரண்ட் போய் வந்தால் பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருக்கும் கணினியை மைக்ரோசாஃப்ட் சர்வர் நம்பாது. பேட்டரி விலை ஒரு சினிமா டிக்கெட்டுக்கும் குறைவு.

லேப்டாப் வாங்கும்போதே கூட வரும் ஆபீஸைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நம் ஊர்க் கடைகளில் விற்கும் பல லேப்டாப்களில் முன்பு 'ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் 2021', இப்போது 'ஹோம் 2024' என்று ஒன்று சேர்ந்தே வருகிறது, விலையில் அதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். அதை ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து ஆக்டிவேட் செய்ய வேண்டும், விண்டோஸ் தொடங்கியதிலிருந்து ஆறு மாதக் கெடு. இதையும் கூடவே வரும் ஒரு மாத 365 டிரையலையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். டிரையல் கார்டு நம்பர் கேட்கும், மாதம் முடிந்ததும் பணம் எடுக்கத் தொடங்கும். பெட்டியோடு வந்ததற்குக் கார்டு தேவையே இல்லை. எது கேட்கிறது என்று தெரியாமல் டிரையலை ஏற்றுக்கொண்டு, சொந்தமாக இருந்ததைக் கெடு தாண்ட விட்டவர்கள் எங்கள் கிளையன்ட்களிலேயே உண்டு.

ஆக்டிவேட் செய்தவர்களுக்கு வேறு ஆபத்து. ஏதோ வைரஸ் என்று சர்வீஸ் கடைக்குப் போகும். அங்கே ஃபார்மட் அடித்து, 'எல்லாம் ஃபுல்லா லோட் பண்ணிட்டேங்க' என்று கொடுப்பார்கள். அக்கவுன்ட் பக்கத்தைத் திறந்தால் 'புரொஃபெஷனல் பிளஸ்' என்றிருக்கும். பார்க்க கம்பீரமான பெயர். அது பெரிய நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் பதிப்பு. ஒரு மளிகைக் கடை லேப்டாப்பில் அது இருக்கிறது என்றால் அநேகமாகத் திருட்டுப் பதிப்புதான். நிறுவனங்களுக்குள் ஒரு சர்வர் வைத்து 180 நாள் 180 நாளாக உயிர் கொடுக்கும் கே.எம்.எஸ். என்ற முறை இருக்கிறது. அதைப் போலி செய்யும் ஒரு சின்ன புரோகிராமை, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டியிருப்பார்கள். பிள்ளைகளின் விளையாட்டு லேப்டாப் என்றால் அவர்கள் பாடு. எங்களுக்கு ஷீட் அனுப்பும் கணினியில், கிளையன்டின் பான் நம்பரும் வங்கிக் கணக்கும் கிடக்கிற இடத்தில், யார் எழுதியது என்றே தெரியாத ஒன்று ஓடிக்கொண்டிருப்பதை சார் ஒத்துக்கொள்வதில்லை. 'புராடக்ட் ஆக்டிவேட்டட்' என்ற வரி இதிலும் வரும், அதனால் அந்த வரி ஒன்றை மட்டும் நம்பி விடாதீர்கள்.

இதில் ஆற்றாமை என்னவென்றால், அப்படிப்பட்ட லேப்டாப்கள் சிலவற்றில் சொந்த ஆபீஸ் பத்திரமாகவே இருந்தது. முதல் நாள் இணைத்த மெயிலில் நுழைந்து சர்வீசஸ் பக்கத்தைப் பார்த்தால் 'ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் 2021' என்று நிற்கிறது, இன்ஸ்டால் பொத்தானோடு. திருட்டுப் பதிப்பை முழுக்க எடுத்துவிட்டு அதைப் போட்டால் காசில்லாமல் காரியம் முடிந்தது. ஒரு நெருடல் மட்டும் உண்டு. ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் ஆனாலும், 365 பெர்சனல், ஃபேமிலி ஆனாலும் வீட்டு உபயோகத்துக்கு என்றுதான் நிபந்தனை. வியாபாரத்துக்கு பிசினஸ் திட்டங்கள் தனி. இதைச் சொல்லும்போது முகம் சுளிப்பார்கள், இருந்தாலும் சொல்லிவிடுவேன்.

எங்கள் ஆபீசில் ஆர்ட்டிக்கிள் பசங்க, அதாவது சி.ஏ. படிப்புக்காகப் பயிற்சிக்கு வருகிறவர்கள், மாறிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் லேப்டாப்பில் 'பிலாங்ஸ் டு' வரியில் கல்லூரி மெயில்தான் இருக்கும். கல்லூரி கொடுக்கும் ஏ1 திட்டத்தில் பிரௌசர் எக்செல் மட்டும் இலவசம். கணினியில் நிறுவிக்கொள்ள விட்ட ஏ1 பிளஸ் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 1-ல் நிறுத்திவிட்டார்கள். எக்செல் திடீரென்று மறுத்ததை வைரஸ் என்று நினைத்து அந்தச் சமயம் ஃபார்மட் அடித்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். திட்டம் எதுவானாலும், படிப்பு முடிந்த பிறகு கல்லூரி மெயிலை எப்போது வேண்டுமானாலும் மூடுவார்கள். அதோடு அந்த ஒன்டிரைவும் போகும். கான்வொகேஷன் போட்டோ, புராஜெக்ட், சி.ஏ. இன்டர் மார்க்‌ஷீட் ஸ்கேன் எல்லாம் அதில்தான் வைத்திருக்கிறார்கள். சேர்ந்த முதல் வாரமே சொந்தக் கணக்குக்கு நகல் எடுக்கச் சொல்லி உட்கார வைத்துவிடுவேன். அக்கா நச்சரிக்கிறாள் என்று பின்னால் சொல்லிக்கொள்வது எனக்குக் கேட்கும்.

சொந்தக் கணக்கிலும் சேமிப்பிடத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். பெர்சனல் சந்தாவில் 1 டிபி. ஃபேமிலியில் ஆறு பேர் வரை, ஆளுக்கு 1 டிபி. சந்தா முடிந்தால் இலவச 5 ஜிபிக்கு இறங்கிவிடும். இருப்பது அதற்கு மேல் என்றால் புதிதாக எதுவும் ஏறாது, அதே கணக்கின் அவுட்லுக் மெயில் போக்குவரத்தும் தடைபடலாம். ஆறு மாதத்துக்கு மேல் அப்படியே கிடந்தால் கோப்புகளை அழிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆகவே சந்தா வேண்டாம் என்று முடிவெடுப்பவர்கள், ரத்து செய்வதற்கு முன்பே போட்டோக்களை ஹார்ட் டிஸ்கில் இறக்கிக்கொள்வது நல்லது.

'உங்கள் ஆபீஸ் சந்தா இன்றோடு முடிகிறது' என்று மெயில் வந்தால்? அந்த மெயிலில் இருக்கும் எதையும் தொட வேண்டாம். உண்மையாகவே முடிகிறதா என்று பார்க்க எக்செலுக்குள் ஒரு பக்கமும் இணையத்தில் ஒரு பக்கமும் இருக்கின்றன, இரண்டையும் மேலே சொல்லியாகிவிட்டது. கஸ்டமர் கேர் நம்பர் என்று கூகுளில் தேடி எடுத்த எண்ணுக்குப் போன் செய்து, அவர்கள் சொன்ன செயலியை இறக்கி, திரையை அவர்கள் கையில் கொடுப்பது இன்னும் மோசம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும், பிறகுதான் எங்களுக்கு.

இப்போது கிளையன்ட் ஒவ்வொருவருக்கும் ஒரு ஷீட் வைத்திருக்கிறேன். எந்தக் கணினி, எந்த மெயில், திட்டத்தின் முழுப் பெயர், முடிவுத் தேதி, யார் கார்டு, மீட்பு எண் யாருடையது. பாஸ்வேர்டு கேட்பதில்லை, கொடுத்தாலும் எழுதுவதில்லை. முடிவுத் தேதி 10-க்கும் 20-க்கும் நடுவில் விழுந்தால் அந்த வரிக்கு மஞ்சள் அடித்து, முந்தைய மாதக் கடைசியிலேயே கீ வாங்கிப் போடச் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஷீட்டைப் போட்ட பிறகுதான் பலருக்கும் எல்லாக் கணினிக்கும் சந்தா தேவையில்லை என்று தெரிந்தது. எங்கள் ஆபீஸ் முன் மேசையில் வரவேற்கும் பெண்ணுக்கு வந்து போகிறவர்கள் பெயர் எழுத பிரௌசர் எக்செலே போதும். கடிதம் அடிக்கும் கணினியில் லிப்ரேஆபீஸ் போட்டிருக்கிறோம், காசு கிடையாது. தமிழ்க் கடிதம் அதில் நன்றாகவே வருகிறது. 2பி ஒப்பிடும் மேசைகளுக்கும் சாரின் லேப்டாப்புக்கும் மட்டும்தான் சந்தா. துணிக்கடை முதலாளியும் இதைக் கேட்டுவிட்டு பில் போடும் கணினிக்கு இருந்ததை எடுத்துவிட்டார். குடோனுக்கும் எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். அங்கே ஸ்டாக் ஷீட்டில் மேக்ரோ இருக்கிறது, அதனால் பொறுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.